ஐயாயிரவர் உண்ட பந்தி

தஞ்சைக்கும் கும்பகோணத்திற்கும் இடையே, இருப்புப்பாதை வழியில் அமைந்த பாபநாசம் என்னும் ஊரை நம்மவரிற் பலர் அறிவர். பொதிய மலைச்சாரலிலே தாமிரபரணி வீழும் பாபநாசம் வேறு. இது காவிரியின் கிளையாறுகள் ஊட்டி வளர்க்கும் மருதநிலத்துப் பாபநாசம். பாவம் நாசமாகும் இடம் என்பதே பெயர்க்குப் பொருள். இராமர் இவ்விடத்தில் 108 இலிங்கங்களை வைத்துப் பூசித்துப் பாவந் தொலைத்தார் என்பது இவ்வூர்த் தலவரலாறு. ஊரையடுத்த திருப்பாலைத்துறைச் சிவாலயத்திலோ வேறொரு பொருள் வழிப்போக்கரின் கண்ணைக் கவரும். அது ஒரு நெற்களஞ்சியம். செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் வட்டமாய் எழுப்பப்பட்டு, மேலே கூம்பிக் குவிந்து, 36 அடி உயரம் நிற்கின்றது. 1600-க்கும் 1634-க்கும் இடையே தஞ்சை நாயக்க மன்னர் ஆட்சியிற் கட்டப்பட்டதென்றும், 3000 கலம் நெல் கொள்ளுமென்றும் கூறுவர். இன்று அது தொல்லியல் துறையாரின் பாதுகாப்பிலுள்ளதொரு நினைவுச்சின்னம்.

பாவத்தின் பெயரால் வழங்கும் ஊரிலே கண்ணுக்கு முதலில் தென்படுவது சோற்றுக்குரிய கட்டடம். இதில் எனக்கு ஒரு நியாயம் இருப்பதாகத் தோன்றுகின்றது. நம்முடைய பிரசங்கபீடங்களிலே பாவநாசத்தைக் குறித்துக் கேட்குமளவிற்குப் பசியைக் குறித்துக் கேட்பதில்லை. பசி என்பது லௌகிகம், அதனைச் சர்க்கார் பார்த்துக்கொள்ளும், ஆலயத்திற்கு உரியது ஆத்துமா என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். ஆனால் நான்கு சுவிசேஷகரும் அவ்வாறு எண்ணினாரில்லை. இயேசுநாதர் செய்தருளிய அற்புதங்களுள், அவருடைய உயிர்த்தெழுதலை ஒழித்து நோக்கின், நால்வரும் ஒருங்கே எழுதிவைத்தது ஒன்றே ஒன்று. பிறவிக்குருடன் கண்பெற்றதை யோவான் ஒருவரே எழுதுகின்றார். லாசரு எழுந்ததையும் அவரே. நாயீன் ஊர் விதவையின் மகன் பிழைத்ததை லூக்கா மட்டும் கூறுகின்றார். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்னும் நால்வரும் விடாது கூறுவது, ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் கொண்டு ஐயாயிரவர் பசியாற்றிய அற்புதமேயாம்.

இவ்வற்புதத்தைப் பற்றி நெல் விளையும் நாட்டுக் கிறிஸ்தவர் என்ன நினைத்தல் தகும் என்பதே இக்கட்டுரையின் பொருள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். நம்மவர் இதன் மகிமையை அப்பத்திலே தேடுகின்றனர். அப்பத்தினும் பெரிய மகிமை பந்தியிலே இருக்கின்றதென்பது என் துணிபு.

நிகழ்ந்தது யாவருக்கும் தெரிந்ததே. பஸ்கா பண்டிகை சமீபித்திருந்தது. கலிலேயாக் கடலின் கரையிலே, ஊர்களுக்கு அப்பாற்பட்ட புல்வெளியிலே, பொழுது சாயுந்தருணம். கூட்டத்தை ஊர்களுக்கு அனுப்பிவிட வேண்டுமென்று சீஷர்கள் யோசனை கூறினர். அவர்களே உணவளிக்க வேண்டுமென்று ஆண்டவர் மறுமொழி பகர்ந்தார். பிலிப்பு உடனே கணக்குப் பார்த்தான். 200 பணத்திற்கு அப்பம் வாங்கினாலும் ஆளுக்குக் கொஞ்சமாகிலும் வராது என்பது அவன் கணக்கு. அக்காலத்தில் திராட்சத்தோட்டத்துக் கூலியாளுக்கு ஒருநாட் கூலி ஒரு பணம் என்பது, அவ்வேலையாட்களைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையினாலேயே விளங்கும். ஆதலின் பிலிப்பு கூறியது ஒரு கூலியாள் அரை வருஷத்துக்கு மேல் உழைத்துப் பெறும் தொகை. பிலிப்பைப் பழித்தல் வேண்டா. சபைக் கணக்கை எழுதிப் பார்த்தவர் எவரும் பிலிப்பின் உறவினரே. அந்திரேயா ஒரு பிள்ளையாண்டானைக் கண்டுபிடித்துக் கொணர்ந்தான். அவனிடமிருந்தவை வாற்கோதுமை அப்பங்கள். வாற்கோதுமை அத்தேசத்தில் ஏழைகளின் ஆகாரம். நம் நாட்டு வழக்கிற் சொல்லின், அவன் கொண்டுவந்தது சம்பா அரிசிச் சோறன்று, கேழ்வரகுக் களியே.

இதற்குப் பொருள் சொல்லப் புகுந்தோர் இருதிறத்தார். ஒரு திறத்தார், அப்பம் பெருகவேயில்லை, அந்தப் பையன் தன் உணவைக் கொடுக்கக் கண்ட மற்றவர்களும் வெட்கமடைந்து தத்தம் மடியில் மறைத்து வைத்திருந்ததை வெளியே எடுத்தனர் என்பர். ஏறக்குறைய இரு நூற்றாண்டுகளுக்கு முன் ஜெர்மனி தேசத்துப் பவுலுஸ் என்னும் பண்டிதர் இவ்வகையில் எழுதினார். இன்றும் சிலர் அதனைப் புதிய கண்டுபிடிப்பாகப் பேசுகின்றனர். கேட்பதற்கு இனிமையாயிருப்பினும் சுவிசேஷகர் நால்வரில் ஒருவரும் சொல்லாத செய்தி அது. அன்றியும், உண்டு முடிந்தபின் அந்த ஜனங்கள் இயேசுநாதரைப் பலவந்தமாய் அரசராக்க எண்ணினர் என்று யோவான் எழுதுகின்றார். தம் சொந்த மூட்டையை அவிழ்க்கச் செய்தவரை எந்த ஜனங்கள் அரசராக்குவர்? மற்றொரு திறத்தார் பக்தர்கள். இவர்கள் அற்புதத்தை முழுதும் நம்புவர்; ஆனால் ஆண்டவருடைய வல்லமையைக் கண்டு வியந்து ஸ்தோத்திரம் சொன்னவுடன் வேதபுத்தகத்தை மூடிவிடுவர். வல்லமையைக் காட்டுவதுமட்டுமே நோக்கமாயின், வனாந்தரத்திலே கல்லை அப்பமாக்கும்படி சோதனைக்காரன் கேட்டபோதே அதனைச் செய்திருக்கலாமே. அன்று தம் பசிக்காக ஒரு கல்லையும் தொடாதவர், இன்று பிறர் பசிக்காக ஒரு சிறுவனுடைய உணவை வாங்குகின்றார். வானத்திலிருந்து பொழியச் செய்யாமல், கையிலிருந்ததை எடுத்து, ஸ்தோத்திரித்து, பிட்டு, சீஷர்களிடம் கொடுக்கின்றார். ஜனங்களுக்குக் கொடுத்தவர்கள் சீஷர்கள்.

இந்த இடத்திலே சற்று நிற்றல் வேண்டும். அப்பத்தைப் பெருக்கியவருக்கு அதனை ஒவ்வொருவர் மடியிலும் விழச்செய்தல் அரிதன்று. ஆயினும், கூட்டத்தைக் கலைத்துவிட யோசனை சொன்ன அதே பன்னிருவரின் கைவழியாகவே அது சென்றது. உணவு உண்டாவது ஒன்று. உண்டான உணவு பசித்தவனிடம் போய்ச் சேர்வது வேறொன்று. முன்னதைத் தேவன் செய்தார். பின்னதை மனிதரிடம் விட்டார்.

தஞ்சை நாட்டுக் கிறிஸ்தவர்க்கு இவ்வுண்மை விளங்க வெளிநாட்டு உதாரணம் வேண்டுவதில்லை. 1780-ஆம் ஆண்டில் ஐதரலி கருநாடகத்தின்மேற் படையெடுத்தான். 1781-இல் தஞ்சை நாட்டுப்புறம் பாழாயிற்று. ஜனங்கள் கோட்டைக்குள் வந்து நிறைந்தனர். கோட்டையிலே சிப்பாய்கள் இருந்தனர், அரசர் துளஜாஜி இருந்தார், கும்பினியாரின் அதிகாரிகள் இருந்தனர். சோறு மட்டும் இல்லை. தெருக்களிலே பிணங்கள் கிடந்தன. இதில் நாம் கவனிக்க வேண்டியது யாதெனின், நாட்டிலே நெல் முற்றும் அற்றுப்போகவில்லை என்பது. நெல் இருந்தது, அதனைக் கோட்டைக்குக் கொண்டுவரக் குடியானவர் உடன்படவில்லை. முன்னர் அவர்கள் கொண்டுவந்த நெல்லுக்கு விலை கிடைக்கவில்லை, மாடுகளை இழந்தனர். அரசர் வாக்குக் கொடுத்துப் பார்த்தார். கும்பினியாரும் அழைத்துப் பார்த்தனர். ஒருவரும் வந்தாரில்லை. தங்கள் இருதிறத்தார் வாக்கையும் குடிகள் நம்பார்கள், சுவார்ட்ஸ் ஐயருடைய வாக்கையேனும் நம்புகின்றார்களா பார்ப்போம் என்று அரசர் அவரிடம் பொறுப்பை ஒப்புவித்தார்.

கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயர் 1726-இல் பிரஷ்யா தேசத்திற் பிறந்து, 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சிராப்பள்ளியிற் பல ஆண்டு ஊழியம் புரிந்து, பின்னர்த் தஞ்சையிற் குடியேறியவர். அவர் நாலா திசைக்கும் செய்தி அனுப்பினார். நெல் கொண்டுவருவோர்க்குத் தம் கையாலேயே விலை கொடுப்பதாகவும், சத்துருக்கள் மாடுகளைக் கவர்ந்தால் அவற்றின் கிரயத்தையும் தாமே கொடுப்பதாகவும் வாக்களித்தார். ஓரிரு நாட்களுக்குள் 1000-க்கு மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. உபதேசியார் ஒருவரும் வேறு சில கிறிஸ்தவர்களும் உயிரைப் பொருட்படுத்தாது நாட்டுப்புறம் சென்று, மிகச் சுருங்கிய காலத்தில் 80,000 கலம் நெல்லைக் கோட்டைக்குள் கொண்டுவந்தனர். கோட்டை பிழைத்தது. யாவும் முடிந்தபின் ஐயர் குடியானவர்களை அழைத்து, சொன்னபடியே விலை கொடுத்து, ஒரு சிறு வெகுமதியும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

கல அளவை இடத்துக்கிடம் வேறுபடினும், 80,000 கலம் என்பது பாபநாசத்துக் களஞ்சியத்தைப்போல் ஏறக்குறைய 27 களஞ்சியங்கள் நிறையும் நெல். இதனை அற்புதமென்று யான் கூறவில்லை. சுவார்ட்ஸ் ஐயரும் கூறியதில்லை. ஆயினும் கலிலேயாவிலே நடந்ததன் சாயல் இதில் இருக்கின்றது. அங்கே அப்பம் இல்லாதிருந்தது, கைகள் இருந்தன. இங்கே நெல் இருந்தது, நம்பத்தக்க கை இல்லாதிருந்தது. ஒரு மனிதனுடைய வாக்கு முப்பது ஆண்டு ஊழியத்தினாலே களஞ்சியத்தைக் காட்டிலும் பெரிதாய் வளர்ந்திருந்தபடியால், பசித்தவர்களும் நெல்லும் ஒன்றுகூடினர். அவர் மாண்டபின் சரபோஜி மன்னர், பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு, தாம் ஐயரின் மரணப்படுக்கையருகே நிற்கும் காட்சியைச் சலவைக்கல்லிற் செதுக்குவித்துத் தஞ்சையிலே ஆலயத்தில் வைத்தார். அதனைப் பார்ப்போர் பலர். மாடுகளோடு சென்று திரும்பிய அந்த உபதேசியாருக்குச் சிற்பம் இல்லை. அப்பத்தைச் சுமந்து வரிசைதோறும் நடந்தவர்களில், கடைசி வரிசைக்குச் சென்ற சீஷன் எவன் என்றும் சுவிசேஷம் பெயர் சொல்லவில்லை.

இனிப் பந்தியைக் குறித்து. அப்பத்தைத் தொடுமுன் ஆண்டவர் கொடுத்த கட்டளை, ஜனங்களை உட்காரவைக்க வேண்டும் என்பது. மாற்கு இன்னும் நுட்பமாக எழுதுகின்றார்: பசும்புல்லின்மேல், நூறு பேராகவும் ஐம்பது பேராகவும் வரிசைப்பட உட்கார்ந்தனர். நமது தமிழ் வேதாகமம் இவ்விடத்தில் ஆள்வது பந்தி என்னும் நம் வீட்டுச் சொல்லையே. மொழிபெயர்த்தவர்கள் அறிந்தோ அறியாமலோ இச்சொல்லினாலே நம்மை அந்தப் புல்வெளியில் உட்காரவைத்துவிட்டனர்.

பசித்த கூட்டத்தை வரிசையில் இருத்தாது அப்பத்தைக் காட்டியிருந்தால் என்ன நிகழும்? வல்லவன் முன்னே வருவான்; கிழவி மிதிபடுவாள். எண்ணப்பட்ட ஐயாயிரவர் ஆடவர். அவர்களன்றிப் பெண்களும் பிள்ளைகளும் இருந்தனர் என்று மத்தேயு குறிக்கின்றார். எண்ணிக்கையில் வராதவர்களும் பந்தியிலே வந்தனர். ஏனெனில் உட்கார்ந்தபின் எல்லாரும் ஒரே உயரம். வெள்ளமோ புயலோ வந்தபோது உணவுப்பொட்டலம் வீசப்படுவதைப் பார்த்தவர்க்கு இக்கட்டளையின் இரக்கம் விளங்கும்.

ஆனால் தமிழர்க்குப் பந்தி என்பது இரக்கத்தின் பெயர் மட்டுமன்று, வேற்றுமையின் பெயருமாம். முதற்பந்தி யாருக்கு, கடைப்பந்தி யாருக்கு, பந்திக்கே வரலாகாதவர் யார் என்பதெல்லாம் நம் நாட்டில் எழுதாச் சட்டம். ஒரே வரிசையில் இருப்பவருள் ஒருவர் இலையில் நெய்யும் மற்றவர் இலையில் நீர்மோரும் வார்ப்பதைப் பந்திவஞ்சனை என்று நம் முன்னோர் வெறுத்தனர். அழகான சொல், ஆனால் வரிசைக்குள்ளே வந்தவர்க்கு மட்டுமே அவர்கள் அதனைப் பாராட்டினர். வரிசைக்கு வெளியே கொல்லைப்புறத்தில் நின்றவர்க்குச் செய்த வஞ்சனைக்குப் பெயரே வைக்கவில்லை. 1920-களிலே, வ. வே. சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவிக் குருகுலத்தில் மாணவர் சிலர்க்கு வேறிடத்தில் உணவளித்ததனால் தமிழ்நாடே இரண்டுபட்டதன்றோ? ஒரு பந்தி ஒரு தேசத்தின் அரசியலைத் திருப்பவல்லது.

கலிலேயாவிலும் இவ்வகைக் கூச்சங்கள் இல்லாமற் போகவில்லை. மாற்கு சுவிசேஷத்தில் இவ்வற்புதத்தை அடுத்த அதிகாரத்தைப் பாருங்கள். கழுவாத கைகளால் சீஷர்கள் உண்கின்றனர் என்று பரிசேயர் குற்றஞ்சாட்டுவது அங்கேதான் வருகின்றது. புல்வெளியிலே கைகழுவக் குடமும் செம்பும் ஏது? பக்கத்திலிருப்பவன் செம்படவனோ ஆயக்காரனோ என்று விசாரித்து உட்கார நேரம் ஏது? ஐம்பது பேர் அமர்ந்த வரிசையில் உன் வலக்கைப்புறம் இருப்பவனை நீ தெரிந்துகொள்ளவில்லை; அவன் உனக்குக் கொடுக்கப்பட்டான். அப்பமும் கொடுக்கப்பட்டது, அயலானும் கொடுக்கப்பட்டான். இவ்விரண்டில் அப்பத்தை மாத்திரம் வாங்கிக்கொண்டு அயலானை மறுத்ததே நமது சபையின் சரித்திரம் என்றால் அது மிகையாகாது.

மிகையென்று எண்ணுவோர் தஞ்சைச் சபையின் வரலாற்றைப் படிக்கட்டும். தரங்கம்பாடி மிஷன் காலந்தொட்டே ஆலயத்தில் சாதிவாரியாக அமர்தலும், கர்த்தருடைய இராப்போஜனத்திற்கு முன்பின்னாக வருதலும் வழக்கமாயின. சுவார்ட்ஸ் ஐயரும் அதனை வலிந்து ஒழித்தாரல்லர். காலத்தால் மறையுமென்று பொறுத்தார். மறையவில்லை. 1833-ஆம் ஆண்டில் கல்கத்தா அத்தியட்சராகிய டேனியல் வில்சன், சபைக்குள்ளே சாதி வேற்றுமையை உடனே முற்றும் விட்டொழிக்க வேண்டுமென்று நிருபம் அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் அந்நிருபத்தைக் கேட்டபின் திரளானோர் சபையைவிட்டு நீங்கினர். நம் அனைவராலும் போற்றப்படுபவரும், சுவார்ட்ஸ் ஐயரால் வளர்க்கப்பட்டவருமாகிய வேதநாயக சாஸ்திரியாரே சாதியாசாரத்தை விடமாட்டோம் என்றவர்களின் பக்கம் நின்றார். அவருடைய கீர்த்தனைகளை நாம் பாடுகின்றோம், இனியும் பாடுவோம். ஆயினும், பாட்டு ஒன்றாயிருந்து பந்தி இரண்டாயிருந்ததென்பதை மறைத்தல் ஆகாது. வில்சன் அத்தியட்சர் அந்நியர், நமது வழக்கம் அறியாமற் கடுமை காட்டினார் என்று சிலர் கூறுவர். கடுமை இருந்தது; அதனைச் சொன்ன விதத்தில் தாழ்மை போதாதென்பதும் உண்மையே. ஆனால் ஒரே அப்பத்தைப் பிட்டு, ஒரே பாத்திரத்தைக் கொடுத்தவரின் பந்திக்கு அவர் நம்மை அழைத்தார். சொன்னவர் அந்நியர், சொல் அந்நியமானதன்று. இன்றும் கல்லறைத்தோட்டத்திலே இடம் பிரித்துவைத்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு; பெண் கொடுக்கல் வாங்கலிலோ சொல்ல வேண்டுவதில்லை.

மேலும் ஒன்று. நெல் நாட்டிலே பந்திக்கு வெளியே நின்றவர்களே நெல்லை விளைவித்தவர்கள். சேற்றில் இறங்கி நாற்று நட்ட பெண்ணும், களத்திலே அடித்துத் தூற்றி மரக்காலால் அளந்த ஆளும், அளக்குங்கால் முதலாவதை ஒன்றென்னாமல் லாபம் என்று கூவி எண்ணுவர். அந்த லாபம் அவர்களுடையதன்று. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்பின்னும் 16 ஆண்டு கழிந்து, 1968-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 25-ஆம் நாள் இரவு, அந்நாளில் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்திருந்த கீழவெண்மணியிலே, கூலி நெல்லைச் சற்று உயர்த்தித் தரும்படி கேட்ட உழவுத்தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த நிலையில், எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நாளைக் கவனியுங்கள். பெத்லகேம் என்னும் எபிரெயப் பெயர்க்கு அப்பத்தின் வீடு என்று பொருள். அப்பத்தின் வீட்டிலே பிறந்தவருடைய திருநாளை நாம் தீபமேற்றிக் கொண்டாடிய இரவிலே, அளவைப்படி நெல்லுக்காக அவர்கள் வெந்தனர். கொன்றவர் கிறிஸ்தவரல்லர், இறந்தவரும் நம் சபையாரல்லர், நமக்கென்ன என்று கேட்பாருண்டு. கூட்டத்தைக் கலைத்து அவரவர் ஊருக்கு அனுப்பிவிடும்படி சீஷர் சொன்ன யோசனைக்கும் இக்கேள்விக்கும் வேற்றுமை எனக்குத் தெரியவில்லை.

உண்டு முடிந்தபின் மீதியானதைச் சேர்க்கும்படி கட்டளை பிறந்தது. இதனைத் தமிழ் வாசகர் ஒரு கூச்சத்தோடு படிப்பர். எச்சில் என்னும் எண்ணம் எழும். சேர்க்கப்பட்டவை இலையில் விட்ட எச்சிலல்ல, பிட்டுப் பரிமாறி மிஞ்சிய துணிக்கைகள் என்றே யான் கொள்கின்றேன். ஒரு வார்த்தையில் ஐயாயிரவர்க்கு உணவு உண்டாக்கவல்லவர் துணிக்கைகளைப் பொறுக்கச் சொல்கின்றார். செல்வம் மிக்கவன் சிந்தினதைப் பார்ப்பதில்லை, இவரோ பார்த்தார். காவிரி நாட்டிலே அறுவடைக் காலத்து மழையில், கொள்முதல் நிலையத்து வாசலில் அடுக்கிய நெல்மூட்டைகள் நனைந்து முளைவிடும் செய்தியைப் பத்திரிகைகளில் படித்திருக்கின்றோம். நாயக்கர் காலத்தார் நெல்லுக்கு மேற்கூரையை மறக்கவில்லை. இதற்கு மேல் இதனை விரிப்பின் கட்டுரை வேறு பொருளிற் புகும்.

வயிறு நிறைந்த ஜனங்கள் இயேசுநாதரை அரசராக்க முயன்றதும், அவர் விலகித் தனியே மலையேறியதும் நம் நாட்டார்க்கு மிக எளிதில் விளங்கும். 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் வாக்கு நம் மாகாணத்தில் ஓர் ஆட்சியை இறக்கி மற்றொன்றை ஏற்றத் துணைசெய்தது. சோறிட்டவரை அரசராக்குவது ஜனங்களின் குற்றமன்று. பசித்தவன் வேறு யாரை அரசராக்குவான்? 1956-இல் காமராசர் பள்ளிப்பிள்ளைகளுக்குப் பகலுணவு ஏற்படுத்தியதையும், 1982-இல் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவாக விரித்ததையும் யான் நன்றியோடு எண்ணுகின்றேன். சோறிட்டதைக் காட்டிலும், எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் தட்டேந்தி உட்காரவைத்தது பெரிது. சபை இரு நூற்றாண்டு தயங்கிய காரியத்தைப் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரம் ஓர் உச்சிவேளையில் செய்துவிட்டது. சமைத்தவள் இன்ன சாதியாள் என்று பெற்றோர் சிலர் தடுத்த செய்தியும் உண்டு. 2018-இல் திருப்பூர் ஜில்லாவிலே அவ்வாறு நிகழ்ந்தது. ஆகவே அரசாங்கத்தின் பந்தியும் முற்றுப்பெற்றதன்று. இயேசுநாதர் கிரீடத்தை மறுத்ததோ, சோறிடுவது அற்பமென்று எண்ணியதனாலன்று. அரசராகச் சம்மதித்திருப்பின் ஜனங்கள் மறுநாளும் கையேந்தி வருவர். பன்னிருவர் அரண்மனைச் சேவகராவர். அவர் விரும்பியது கையேந்துவோர் கூட்டமன்று. மறுநாள் கப்பர்நகூமிலே, அப்பத்துக்காகவே தேடிவந்தவர்களிடம் ஜீவ அப்பத்தைக் குறித்து அவர் பேசியபோது, பலர் முறுமுறுத்துப் பின்வாங்கினர். முதல்நாள் பந்தியில் இருந்தவர்களே அவர்கள்.

மாணவ நண்பர்களே, விடுதி உணவுச்சாலையில் நீங்கள் நாள்தோறும் பந்தியில் அமர்கின்றீர்கள். யார் யாருடைய பக்கத்தில் அமர்கின்றனர், யார் எப்போதும் மேசையின் கோடியில் தனித்திருக்கின்றனர் என்பதை ஒரு வாரம் பார்த்து வாருங்கள். வேதபாட வகுப்பில் இவ்வதிகாரத்திற்கு எழுதப்படும் விரிவுரைகளிலும் அதிகம் புலப்படலாம்.

அந்தப் பையன் எந்த வரிசையில் அமர்ந்தான் என்று எவரும் எழுதவில்லை. தன் அப்பத்தில் ஒரு துண்டு தனக்கே திரும்பி வந்ததை அவன் உண்டிருப்பான். பொழுது போயிற்று. துணிக்கைகள் 12 கூடைகளில் நிறைந்தன, பன்னிருவர்க்கு ஆளுக்கொன்று. ஆண்டவர் அவர்களைப் படவேற்றி அக்கரைக்கு அனுப்பினார். நடு இரவில் எதிர்காற்று எழுந்தது. தண்டு வலித்துக் களைத்தனர். அவர் கடலின்மேல் நடந்துவந்து படவில் ஏறக் காற்று அமர்ந்தது. அவர்கள் மிகவும் திகைத்துப் பிரமித்தனர். அந்தத் திகைப்புக்கு மாற்கு ஒரு காரணங் காட்டுகின்றார். காற்றையும் கடலையும் அவர் சொல்லவில்லை. தங்கள் கையாலேயே வரிசைதோறும் கொடுத்துவந்த அப்பங்களைக் குறித்து அவர்கள் அதுவரை ஒன்றும் உணர்ந்துகொள்ளவில்லை என்கின்றார்.